முதல் நிரை

லாலாங் என்கிற களைப்புல்லை வெட்டுவதற்குக் கைப்பலம் அவ்வளவாக வேண்டியதில்லை ஐயா. இடுப்பு வளைந்தால் போதும். எட்டு வருஷமாகச் சிராங்கூன் ரப்பர் தோட்டத்தில் வெட்டுகிறேன்.

மரங்களுக்கு நடுவே இருக்கும் நீளப்பட்டையை நிரை என்போம். நாங்கள் பத்துப் பெண்கள், ஒரு நாளைக்கு ஆளுக்கு நாலு நிரை. புதிதாகச் சேர்ந்த முத்தாயி வந்த முதல் வாரமே ஆறு வெட்டினாள். பக்கத்தில் ஒருத்தி அப்படிப் போனால் நம் கை சும்மா இருக்காது, தானாக ஓடும். கங்காணி துரைசாமி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அவளும் பொம்பளதானே? நாளையிலேருந்து எல்லாருக்கும் ஆறு."

முடிக்காதவர்கள் இருட்டும்வரை நின்று முடிக்க வேண்டும். நிறைமாசமாக இருந்த இராசமலர் மூன்றாம் நாள் நிரையிலேயே சுருண்டு விழுந்தாள். குழந்தை தங்கவில்லை.

நான் முத்தாயியிடம் தன்மையாகத்தான் கேட்டேன். "கொஞ்சம் மெதுவா வெட்டு புள்ள. எங்களால எட்ட முடியல."

"கை நின்னா செத்துப்போன என் பிள்ளைங்க ஞாபகம் வந்துருதுக்கா," என்றாள். "உங்க நிரையில பாதிய நான் வெட்டித் தரேன்."

சொன்னபடி வெட்டியும் தந்தாள். எல்லாரும் பார்த்தார்கள். கங்காணி சிரித்தார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மேற்கு மூலையில் சீனர்கள் மிளகு போட்ட காலத்துப் பாழுங்கிணறு ஒன்று உண்டு. புல் அதை மூடிவிட்டது. அடையாளத்துக்குச் சிவப்புத்துணி கட்டிய கழி ஒன்று நட்டிருந்தார்கள். மறுநாள் முதல் நிரை அந்த வழியாகத்தான் போகும். முதல் நிரை எப்போதும் வேகமாக வெட்டுகிறவளுக்கு, அதாவது முத்தாயிக்கு. விடியற்காலையில் போய்க் கழியைப் பிடுங்கிப் புதரில் போட்டேன். அவ்வளவுதான் செய்தேன்.

அவள் குனிந்த தலை நிமிராமல் போனாள். பிறகு சத்தம் கேட்டது. "அக்கா" என்றுதான் கூப்பிட்டாள். மற்றவர்கள் தூரத்தில் இருந்தார்கள். எனக்கு மட்டும்தான் கேட்டது. என் நிரையில் கால்வாசி பாக்கி இருந்தது. அதை முடித்துவிட்டுப் போய்க் கங்காணியிடம் சொன்னேன். அதற்குள் கிணற்றில் சத்தம் அடங்கியிருந்தது.

எல்லாருடைய நன்மைக்காகத்தான் ஐயா. இரண்டு நாள் நாலு நிரையோடு விட்டார்கள். மூன்றாம் நாள் கங்காணி முதல் நிரையை எனக்குக் கொடுத்தார். நேற்று உங்கள் போலீஸ்காரர்கள் வந்து அழைக்கும்போது ஏழாவது நிரையில் இருந்தேன். பின்னால் வருகிறவர்கள்தான் ரொம்ப மெத்தனம். எவ்வளவு சொன்னாலும் வேகம் வரவில்லை.