மேடைக்கு முதுகு காட்டியவர்கள்

— அங்கிள், மேடை அந்தப் பக்கம்.

— தெரியும் தம்பி.

— தெரிஞ்சுமா இப்படி நிக்கிறீங்க? நான் பாட்டுக்காரர் மூஞ்சியப் பாக்க டிக்கெட் வாங்கினேன். ஒன்றரை மணி நேரமா உங்க மூஞ்சியத்தான் பாத்துட்டிருக்கேன்.

— கொஞ்சம் தாடைய இறக்குங்க. ரெண்டு காதும் தெரியட்டும். ம்... ஆச்சு.

— என்னை எதுக்கு எடுத்தீங்க?

— உங்கள எடுக்கல. உங்களுக்குப் பின்னால முந்நூறு பேர எடுத்தேன். நீங்க நடுவுல வந்துட்டீங்க.

— தப்பா எடுத்துக்காதப்பா. இவர் பாஸ்போர்ட் போட்டோ கடை வெச்சிருக்கார். யாரப் பாத்தாலும் தாடைய இறக்கச் சொல்லுவார். எனக்குப் பிரசவ வலி வந்தப்ப, ஆஸ்பத்திரி வாசல்ல, "கண்ண மூடாத"ன்னு சொன்ன மனுஷன்.

— அந்தக் கதை இப்ப எதுக்கு? ஐயோ, மறுபடி வருது பாரு. குனி, குனி!

— என்னங்க இது, கொக்கு கழுத்த நீட்டுற மாதிரி தலைக்கு மேலயே போகுது?

— கிரேன் கேமரா ஆண்ட்டி. பெரிய திரைல வர்றதுல பாதி அதுலேருந்துதான். தலையில இடிக்காது, பயப்படாதீங்க.

— இடிக்காட்டி என்ன, மறைக்குதே. ஒரு நிமிஷம் ஒரு இடத்துல நிக்குதா? பேய் பிடிச்ச மாதிரி ஆடுது. நல்லாத் தெரிஞ்ச நாலு மூஞ்சியும் போச்சு.

— ஆண்ட்டி, சத்தியமாக் கேக்கறேன். யாரையாவது தேடுறீங்களா?

— எங்க பையனப்பா. வீட்ட விட்டுப் போய்ப் பதினாலு மாசம் ஆச்சு. நம்பர மாத்திட்டான். அவன் கூட்டாளி ஒருத்தன நான் விடாம நச்சரிச்சு நச்சரிச்சு, கடைசில ஒரு வார்த்த சொன்னான். "இந்தக் கச்சேரில கண்டிப்பா இருப்பான்." அதுக்கு மேல கேக்கக் கூடாதாம், சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கானாம்.

— நாற்பதாயிரம் பேரு ஆண்ட்டி!

— அதான் படம் எடுக்கறோம். வீட்டுக்குக் கொண்டு போய், பெருசாக்கி, ஒவ்வொரு மூஞ்சியா...

— வீட்டுக்குப் போய்க் கண்டுபிடிச்சு? சட்டத்துக்குள்ள போட்டு மாட்டவா? நாளைக்குப் பாட்டுக்காரர் ஊர விட்டுப் போறார். இவன் அவர் பின்னாலயே அடுத்த ஊருக்குப் போயிட்டா, நான் யாரப் போய்க் கேப்பேன்? இன்னிக்கு விட்டா அவ்வளவுதாங்க.

— தெரியும். அதுக்குத்தான் முன்னாடி நிப்போம்னு காலைல பதினொன்னுக்கே கூட்டிட்டு வந்தேன். இங்கேருந்து பாத்தாத்தான் எல்லா மூஞ்சியும் நேரா இருக்கும்.

— காலைலேருந்து மூணு இடம் மாத்தியாச்சு. முதல்ல வாசல்ல. அப்புறம் ஆம்பளைங்க கழிவறை பக்கத்துல.

— எவனா இருந்தாலும் அங்க வந்துதானே ஆகணும்?

— அந்தக் காவல்காரர் வந்து என்ன சொன்னார், ஞாபகம் இருக்கா? "ஐயா, நீங்க கேமராவோட நிக்கிறதப் பாத்துட்டு நூறு பேரு அடக்கிக்கிட்டுத் திரும்பிப் போறாங்க. தயவுசெஞ்சு நகருங்க."

— நீங்களா அது! அங்கிள், அடக்கிக்கிட்டுப் போன நூறு பேர்ல நானும் ஒருத்தன். இன்னும் போகல.

— மன்னிச்சுக்குங்க தம்பி. கொஞ்சம் வலது பக்கம் சாயுங்க. அந்தச் சிவப்புத் தொப்பி... ச்சே, இல்ல.

— ஆளு எப்படி இருப்பான்? சொல்லுங்க, நானும் பாக்கறேன்.

— ரெண்டு காதும் கொஞ்சம் விரிஞ்சிருக்கும். என்ன மாதிரி.

— அங்கிள், இங்க எல்லாரும் முடி வளத்திருக்காங்க. நாற்பதாயிரம் பேர்ல காதே மொத்தம் ஐயாயிரம்தான் தெரியுது.

— அதேதாம்ப்பா. இவனும் முடி வளத்தான். இவர் கத்திரிக்கோலோட போனார். சண்டை அங்க ஆரம்பிச்சது.

— பொய் சொல்லாத. சண்டை கேமராவால. கடை கேமராவத் தூக்கிட்டுப் போய் எவனோ ஆடுறத எடுத்துட்டு வந்தான். ஒரு கை இங்க, ஒரு கால் அங்க, மூஞ்சி தண்ணில கரைஞ்ச மாதிரி. படம்னா ஆளு அசையாம இருக்கணும், எடுக்கறவனும் அசையாம இருக்கணும்னேன். "உங்க கடைல உசுரோட இருக்கறவங்களும் செத்த மாதிரி இருக்காங்க"ன்னான். என் கடைய!

— அதோட விட்டீங்களா? "உனக்காக எவனும் ஒரு நிமிஷம் நின்னு குடுக்க மாட்டான், வெளிய போடா"ன்னீங்க. போயிட்டான். இருபத்தி ரெண்டு வருஷத்துல உங்க பேச்ச அவன் கேட்டது அந்த ஒரு தடவதான்.

— போதும், கேமராவ மூடறேன்.

— ஏங்க, ஏன் நிறுத்திட்டீங்க? எடுங்க.

— பேட்டரி மூணு சதவீதம்தான் இருக்கு.

— மூணு இருக்கில்ல? எடுங்க!

— என்னத்த எடுக்கறது? இங்க பாரு. கை. இது கை. இதுவும் கை. இது யாரோ ஒருத்தன் தோள் மேல உக்காந்திருக்கிற பொண்ணோட செருப்பு. கையை இறக்குங்கப்பா! ஒரே ஒரு நிமிஷம் எல்லாரும் கையை இறக்குங்க! அசையாம நில்லுங்க!

— அங்கிள், கத்தாதீங்க. இது உச்சமான பாட்டு, இதுக்கு யாரும் அசையாம நிக்க மாட்டாங்க. பேரச் சொல்லுங்க, நான் கூப்பிடறேன். எனக்கு நல்ல தொண்ட.

— வேணாம்ப்பா. பேரக் கேட்டா ஓடிருவான்.

— பேச வேணாம்டி. எங்கூட அவன் பேசவே வேணாம். மூஞ்சி மட்டும் தெரிஞ்சாப் போதும். மெலிஞ்சிருக்கானா, சாப்பிடறானா, அது மூஞ்சியப் பாத்தாத் தெரிஞ்சிரும் எனக்கு. எத்தன ஆயிரம் மூஞ்சி எடுத்திருக்கேன். இந்த ஒன்னு மட்டும் கெடைக்க மாட்டேங்குதே.

— அழாதீங்க. நீங்க அழுதா நான் என்ன பண்ணுவேன்?

— நான் அழல. கேமரா கண்ணாடி மங்கியிருக்கு.

— ஆண்ட்டி, இது கடைசிக்கு முந்தின பாட்டு. சொல்லிட்டேன்.

— தம்பி, உன் தோள்ல ஏறிப் பாக்கட்டுமா?

— அங்கிள், சத்தியமா என்னால தாங்க முடியாது. நான் இன்னும் கழிவறைக்கே போகலன்னு சொன்னேன்ல... ஏய்! ஏய், அங்கிள்! திரைல நீங்க!

— என்னது?

— பெரிய திரைல! நீங்களும் ஆண்ட்டியும்! மூஞ்சி இல்ல, முதுகு! எல்லாரும் இந்தப் பக்கம் பாக்கறாங்க, நீங்க ரெண்டு பேரு மட்டும் அந்தப் பக்கம் பாத்துட்டு நிக்கிறீங்க. ஊரே சிரிக்குது!

— ஐயையோ, மானம் போச்சு. திரும்புங்க, திரும்புங்க.

— அது நானா? பின்னால இவ்வளவு வழுக்கையா எனக்கு?

— இப்ப முன்னால தெரியுது அங்கிள், திரும்பிட்டீங்கல்ல. கைய ஆட்டுங்க, அடுத்த ஆளுக்குப் போயிருவாங்க. எல்லாரையும் ரெண்டு செகண்டுதான் காட்டுவாங்க.

— போகலயே.

— ஆமா... ஏன் போகல? பாட்டுக்காரர் அங்க மேடைல உருண்டுட்டிருக்கார், இவன் உங்களையே காட்டிட்டிருக்கான். யார் இந்தக் கேமராமேன்? இன்னிக்கு வேல போயிரும் அவனுக்கு.

— அழுத மூஞ்சிங்க எனக்கு. தலை வேற கலைஞ்சு கெடக்கு. கைய வெச்சு மறைச்சுக்கறேன்.

— இரு. மறைக்காத. தம்பி, அந்தக் கொக்கு எங்க இருக்கு?

— நமக்கு நேரா, தலைக்கு மேல. அட... நிக்குது அங்கிள். இவ்வளவு நேரமா நிக்கவே இல்ல. இப்ப ஒரு துளி ஆடாம நிக்குது.

— அத யார் பிடிச்சிருக்கறது?

— கிரேனோட அந்தக் கடைசில, மேடை ஓரத்துல, இருட்டுல ஒருத்தன் நிக்கிறான். மூஞ்சி தெரியல.

— திரையப் பாருடி. நம்ம ரெண்டு பேரையும் சரியா நடுவுல வெச்சிருக்கான். தலைக்கு மேல ரெண்டு விரல் இடம். தோள் ரெண்டும் உள்ள. பின்னால வேற மூஞ்சி வராம, வெறும் வெள்ள வெளிச்சம்.

— என்னங்க உளர்றீங்க? தேடுங்க, அடுத்த பாட்டு கடைசி.

— காதப் பாரு. உனக்கு ரெண்டு, எனக்கு ரெண்டு. நாலும் தெரியுதா?

— தெரியுது. அதுக்கென்ன... ஏங்க?

— கைய எடு. நேரா நில்லு. தாடைய இறக்கு. கண்ண மூடாத, அசையாத. புள்ள படம் எடுக்கிறான்.