பூட்டியிருந்த புதுக் கதவு

கற்பிட்டி பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள்.

"பூட்டத் தொடாமலே என்ட ஊட்டுக்குள்ள போய்ட்டேன், ராத்தா," என்றாள் இளையவள்.

"எப்படி புள்ள?"

"புதுக் கதவு செஞ்சு போட்ட ஓடாவி, கதவ நிலையோட சேக்கிற பிணைச்சல வெளிப்பக்கமா அடிச்சிருந்தாரு. கள்ளன் அதுட ஆணியக் கழட்டினா கதவே கையோட வந்துடும் எண்டேன். 'பொம்பளைக்கு இது வெளங்காது, ஒங்கட மாப்புள சவூதியிலேந்து கோல் எடுத்தா கதைக்கிறேன்' எண்டு, கதவப் பூட்டிச் சாவியக் கையில எடுத்துக்கிட்டாரு."

"பொறகு?"

"ஒரு கம்பியால மூணு பிணைச்சல்லயும் ஆணியத் தட்டி எடுத்தேன். கதவத் தூக்கிச் செவத்துல சாத்தினேன். உள்ளுக்குப் போய், அவருக்குத் தேத்தண்ணி ஊத்திக் கொண்டாந்தேன்."

"குடிச்சாரா?"

"ஓம், ராத்தா. மத்தக் கையில சாவியப் புடிச்சிட்டே குடிச்சாரு."