முகத்துவாரம் வெட்டிய அத்தியாயம்

— கடைசியில ஊர எதுக்குடா முழுவ வெச்ச, உதயா?

— இன்னாக்கா, காலங்காத்தால போன் பண்ணி இதக் கேக்கற? நாவல்க்கா அது. அப்டித்தான் முடியணும்.

— முடியணும்னா? எழுதறவன் நீதானே? பேனா உன் கையிலதானே கீது?

— கையில இருந்தா? ஊரே அழிஞ்சாத்தான், பசியாவரம்னு ஒண்ணு இருந்துச்சின்னு படிக்கறவன் நெனச்சிப்பான்.

— படிக்கறவன் நெனச்சிப்பான். இங்க இருக்கறவன் இன்னா பண்ணுவான்? கேட்டியா, நீ வாரா வாரம் போன்ல படிச்சி அனுப்பறத வலை பிரிக்கற எடத்துல சத்தமா வெச்சிப் போடுவேன். ஆம்பள பொம்பள எல்லாம் வாயப் பொளந்துனு கேப்பாங்க. முந்தாநேத்து கடைசியப் போட்டேன். அதோட சரி.

— ஏன், யாருக்கும் புடிக்கலையா?

— புடிக்கறதா? மம்மட்டியக் கீழ போட்டுட்டானுங்கடா!

— புரியறா மாதிரி சொல்லுக்கா.

— ஏரி கடல்ல சேர்ற முகத்துவாரத்த மண்ணு அடைச்சினு கீது இல்ல? ஏரித் தண்ணி நாறிப்போயி, எறா செத்து மெதக்குது. கோயில்ல பூ கேட்டோம். வெள்ளப் பூ வந்துச்சி. ஆத்தா உத்தரவு குடுத்துட்டான்னு எல்லாரும் போயி மண்ண வெட்டுனாங்க. முக்காவாசி முடிஞ்சிது. கடலோரம் கொஞ்சூண்டு மேடுதான் பாக்கி. அதுக்குள்ள உன் கத வந்து நிக்குது.

— கதைக்கும் அதுக்கும் இன்னாக்கா சம்பந்தம்?

— உன் கதையிலயும் வெள்ளப் பூதானே வந்துச்சி? மாசிலாமணி முகத்துவாரத்த வெட்றான், கடல் உள்ள பூந்து ஊர வாரினு போவுது. ஊருக்குப் பெரியவரு, நாட்டார் தருமலிங்கம் சொல்லிட்டாரு, "படிச்ச புள்ள சும்மா எழுதுவானா? மிச்சத்த எவனும் தொடக்கூடாது"ன்னு.

— ஐயய்யோ! அவராண்ட போனக் குடுக்கா. கற்பனைன்னு நானே சொல்றேன்.

— நைனா சொல்லலையா? "என் புள்ள எழுதுனது பொய்யிடா, வாங்கடா"ன்னு கெஞ்சினாரு. கால்ல விழாத கொறதான். ஒருத்தன் அசையல.

— நைனா சொல்லியுமா?

— மாசிலாமணியே அவருதானே? அந்த நொண்டிக் காலு, காதுல சொருவுன பீடி, வாயத் தொறந்தா ஏச்சு. எவனுக்குத் தெரியாது? "உன்னாலதான் ஊரு போவப்போவுது"ன்னு மூஞ்சிக்கு நேராவே சொன்னானுங்க.

— சரிக்கா, மாத்திடறேன். ஊரு பொழைச்சிக்குதுன்னு எழுதறேன். இன்னிக்கே படிச்சி அனுப்பறேன், போட்டுக் காட்டு.

— இத முந்தாநேத்து எழுதித் தொலைச்சிருக்கக் கூடாதா? விடிஞ்சதுலேர்ந்து நைனாவக் காணோம்டா. மம்மட்டியும் காணோம். படகுல வந்து எறங்கி, மணல்மேட்டுல நடந்துனு கீறேன்.

— தனியாவா போனாரு? ஓடுக்கா! அந்த மேட்ட ஒத்த ஆளு வெட்டக் கூடாது. தண்ணி ஒடச்சிக்கினா நல்ல காலே நிக்காது.

— எனக்குச் சொல்றியா? கேட்டியா, நேத்து சோத்துல கைய வெச்சினு சிரிக்கறாரு. "எல்லாம் போயி, கடைசியில மாசிலாமணி மட்டும் மணல்மேட்டுல நிக்கறான் பாத்தியா? என் புள்ள என்னச் சாவ உடல"ன்றாரு.

— அக்கா, அது சும்மா... ஒரு முடிவுக்காக எழுதுனதுக்கா.

— இரு, இரு. சத்தம் கேக்குதா?

— காத்துதானே?

— தண்ணிடா. ஏரி கடலுக்கு ஓடுது. இம்மாம் அகலத்துக்கு ஓடுது.

— தொறந்துட்டாரா! நைனா எங்க? அவராண்ட குடு.

— நைனா! ஓ நைனா!

— அக்கா, போன வெச்சிடாத. இன்னா தெரியுது? ஊருக்கு ஒண்ணும் ஆவலையே?

— ஊரு அப்டியே கீதுடா, உதயா. இங்கேர்ந்தே தெரியுது. கோயில் கீது, வூடுங்க கீது, கட்டிப்போட்ட படகுகூட அசையல. மணல்மேட்டுலதான் மம்மட்டி மட்டும் நிக்குது.