அலுங்காமல் குலுங்காமல்

கியர் மாற்றுவதில் கைக்கு வேலை குறைவு. எல்லாம் இடது காலில்தான் இருக்கிறது. கிளட்சை மிதிக்கும்போது முழுதாக மிதிக்க வேண்டும். விடும்போது பாதி தூரம் விட்டு, வண்டி லேசாகச் சிலிர்க்கும் இடத்தில் ஒரு மூச்சு நிற்க வேண்டும். அந்த ஒரு மூச்சுக்குப் பொறுமை இல்லாதவர்களால்தான் வண்டி குலுங்குகிறது. நீங்களும் ஓட்டுகிறவர்தானே சார், உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். என்னிடம் கற்றவர் ஓட்டினால் பின்சீட்டுக் குழந்தையின் தூக்கம் கலையாது என்று பேர். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். எனக்கு அது மனைவி வழியாக வந்தது. அவள் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றினால் நம் தலை முன்னால் போய்ப் பின்னால் வரும். "உங்க வண்டிக்கு விக்கல் எடுக்குதே, தண்ணி குடுங்க" என்று பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

நான் அவளை அடித்ததில்லை. குரலை உயர்த்தியதுகூட இல்லை. சொன்னதையே திரும்பச் சொன்னேன். பிறகுதான் புரிந்தது, வண்டி குலுங்கினால் அவளுக்கு எதுவும் நஷ்டமில்லை. கோளாறு அங்கேதான் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அத்தை, அவளுடைய அம்மா, குளியலறையில் வழுக்கி விழுந்து, முதுகெலும்பில் விரிசலோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அதிர்வே கூடாது, எங்கே போனாலும் படுக்கவைத்தே கூட்டிப்போங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அடுத்த பரிசோதனைக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம் என்றாள் மனைவி. வீட்டில் கார் இருக்கும்போது எதற்கு, நீயே ஓட்டு என்றேன்.

முதல் நாளே பலன் தெரிந்தது. அவள் கால் தவறிய ஒவ்வொரு முறையும் பின்சீட்டில் அத்தை மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது. மனைவியின் கழுத்து விறைத்தது. அடுத்த கியர் பூப்போல விழுந்தது. மாதக்கணக்கில் சொல்லி வராதது அன்று வந்துவிட்டது. பயத்தைப் போல ஒரு வாத்தியார் கிடையாது சார்.

நேர்வழியில் போனால் நாலாவது கியரிலேயே போய்விடலாம், அதில் கற்க என்ன இருக்கிறது. கடைத்தெரு வழியாகத் திரும்பச் சொன்னேன். அங்கே சிக்னலுக்குச் சிக்னல் மாற்ற வேண்டும்.

இனி வர வேண்டாம், அசையாமல் படுத்திருந்தால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாடம் முடியவில்லையே. மறுநாள் காலையிலும் அத்தையைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து பின்சீட்டில் உட்காரவைத்தேன். மனைவி சாவியை வாங்கவில்லை. சரி, நானே ஓட்டுகிறேன், குண்டும் குழியுமான பாதையில் போகிறேன் என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். வாங்கிக்கொண்டாள்.

"நான் வரேன் மாப்பிள்ளை. அவளை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார் அத்தை.

சில நாளில் பின்னாலிருந்து சத்தம் நின்றது. மனசு நிறைந்து போயிற்று. அப்புறம் கண்ணாடியில் பார்த்தேன். அத்தை ஒரு துண்டைச் சுருட்டி வாயில் அடைத்துக் கடித்துக்கொண்டிருந்தார். மகள் காதில் விழக்கூடாதாம். என் முதுகுக்குப் பின்னால் இப்படி ஒரு ஏமாற்று. வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, இறங்கிப் போய்த் துண்டை உருவினேன்.

"வலிச்சா கத்தணும் அத்தை. நீங்க மறைச்சா அவ எப்படிக் கத்துக்குவா?"

மனைவி அழுதுகொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொள், ரோடு தெரியாது என்றேன். அக்கறையில்தான்.

அடுத்த நாளும் சத்தமில்லை. துண்டும் இல்லை, நான் சோதித்துவிட்டுத்தான் ஏற்றினேன். இரண்டு, மூன்று, மறுபடி இரண்டு. "பாத்தியா, நீ கியர் மாத்துறதே அம்மாவுக்குத் தெரியல" என்றேன். வீட்டு வாசலில் கதவைத் திறந்தபோது அத்தை தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் பேசவில்லை, மகளிடம்தான் பேசினார்.

"கால் எங்க இருக்குன்னே தெரியலம்மா."

மனைவி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியில் அம்மாவைச் சேர்த்துவிட்டு வந்து, "ஏறுங்க" என்றாள். நான் ஏறினேன். அந்த இருக்கையில் எத்தனையோ பேர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், பயந்ததில்லை. அன்று பயந்தேன். எந்தக் கியரில் போகிறாள் என்று உடம்புக்குத் தெரியவில்லை. பாலத்தின் மேல் வேகம் கூடியபோது என் கால், அந்தப் பக்கம் இல்லாத பிரேக்கைத் தேடித் தேடி மிதித்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் பயமே இல்லை.

நேராக இங்கே, உங்கள் ஸ்டேஷனில் கொண்டுவந்து இறக்கினாள். அவள் சொன்னதில் எதையும் மறுக்கவில்லை சார். ஒவ்வொரு குலுங்கலுக்கும் அந்த விரிசல் என்ன ஆகும் என்று டாக்டர் படம் காட்டிச் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். அதைக் கேட்டதால்தான் எனக்கு இந்த யோசனையே வந்தது.

அதோ, கிளம்புகிறாள். ஜன்னலுக்கு வந்து பாருங்கள். எப்படிப் போகிறாள் பாருங்கள். யாரிடம் கற்றாய் என்று நாளைக்கு யாராவது கேட்டால், என் பேரைத்தானே சொல்லியாக வேண்டும்.