இலைகள் விலகிப் போகும் வாள்

ஆனந்தராஜா: ...அந்த வெள்ளைத் துணியை விரியும், மலர். ஜப்பான்காரன்ர வாளை வெறும் மேசையில வைக்கப்படாது.

வசந்தமலர்: நேற்று இடியப்பம் பிழிஞ்ச மேசை. வாள் ஒண்டும் குறை நினைக்காது.

ஆனந்தராஜா: ரெண்டரைக்கு மியூசியத்து மனிசி வாளைப் பார்க்க வந்திடும். மகள் என்னை ஒரு வார்த்தை கேளாமல் கூப்பிட்டுப்போட்டாள். சம்பந்தி சண்முகராசாவும் லண்டன்ர மற்ற மூலை எட்மண்டனில இருந்து வெளிக்கிட்டிட்டாராம்.

வசந்தமலர்: வருவார். நீங்கள் தோக்கிறதைப் பார்க்கிறதெண்டால் ரெய்னர்ஸ் லேனுக்கு நடந்தும் வருவார்.

ஆனந்தராஜா: ஆர் தோக்கிறது?

வசந்தமலர்: பேத்தி மயூராவின்ர பிறந்தநாளில முப்பது பேருக்கு முன்னால சொன்னது ஆர்? வாள் பொய்யெண்டால் இனிச் சாகும்வரைக்கும் ஒரு சபையிலயும் கதை சொல்லமாட்டன் எண்டு...

ஆனந்தராஜா: சொன்னனான்தான். சண்முகராசா கைதட்டினவர்.

வசந்தமலர்: எல்லாரும் தட்டினவை.

ஆனந்தராஜா: உம்மட கையும் கேட்டது.

வசந்தமலர்: நான் கேக்கில மொய்ச்ச இலையானை அடிச்சனான்.

ஆனந்தராஜா: சரி, இரும். மனிசி கேட்டால் சொல்லுறதை ஒருக்காச் சொல்லிப் பார்ப்பம். எழுபத்தெட்டில நான் கப்பலில நிக்கேக்க, யோக்கோஹாமாத் துறைமுகத்தில ஒரு கப்டன்ர உயிரைக் காப்பாத்தினன்...

வசந்தமலர்: போனமுறை கோபே எண்டனீங்கள்.

ஆனந்தராஜா: கப்பல் ஓடுறதுதானே. அவர் தந்த வாள். மசாமுனே எண்ட கொல்லன் அடிச்சது. ஆற்றுக்குள்ள நட்டு வைச்சால், மிதந்து வாற இலையெல்லாம் விலகிப் போகும். முராமாசா எண்டு மற்றக் கொல்லன். அவன்ர வாளை நட்டால் இலைகள் தானா வந்து வெட்டுப்படும். உறையை விட்டு எடுத்தால் இரத்தம் பாராமல் திரும்ப உள்ள போகாது.

வசந்தமலர்: ரெண்டு பேருக்கும் இடையில கிட்டத்தட்ட இருநூறு வருசமாம். மயூரா வாசிச்சுச் சொன்னவள். எப்படி ஒரே ஆற்றில போட்டிக்கு நிண்டவை?

ஆனந்தராஜா: ஆறு மெதுவா ஓடியிருக்கும்.

வசந்தமலர்: ம்ம்...

ஆனந்தராஜா: இன்னொரு கொல்லன். நெருப்பில பழுத்த வாளைத் தோய்க்கிற தண்ணியின்ர சூடுதான் அவன்ர இரகசியம். ஒருத்தன் களவாத் தண்ணிக்குள்ள கையை விட்டுப் பார்த்தான். அந்த இடத்திலயே கொல்லன் அவன்ர கையை வெட்டிப்போட்டான்.

வசந்தமலர்: அந்தச் சூட்டை எனக்கும் சொல்லுங்கோ. நான் போடுற தேத்தண்ணி ஆறிப்போச்செண்டு ஒவ்வொரு நாளும் முறைப்பாடு.

ஆனந்தராஜா: சொன்னால் கை போயிடும் மலர். இப்ப முக்கியமானதைக் கேளும். கொல்லன்ர பேர் பிடிக்குள்ள இருக்கிற இரும்பில கிடக்கும். மனிசி வந்து மூங்கில் ஆணியைத் தட்டிப் பிடியை உருவும். அங்க கறுத்தத் துரு பிடிச்சிருக்கும். அந்தத் துருவை வைச்சுத்தான் வாளுக்கு வயசு சொல்லுறது. அதை மட்டும் ஒருத்தரும் தேய்க்கப்படாது...

வசந்தமலர்: அந்தத் துரு... இல்லாட்டி?

ஆனந்தராஜா: இல்லாட்டி எண்டால்?

வசந்தமலர்: ஆயுத பூசைக்குக் குத்துவிளக்கைப் புளி போட்டு மினுக்கினனான் எல்லே. அரிவாள், கத்திரிக்கோல், உங்கட ஸ்பானர்... வாளையும் எடுத்தன். ஆணி தானாக் கழண்டுது. உள்ள ஒரே ஊத்தை. ஊத்தையோட சந்தனம் பூசுறதோ?

ஆனந்தராஜா: புளியோ...

வசந்தமலர்: பழப்புளி. பிறகு அரைத் தேசிக்காய்.

ஆனந்தராஜா: எழுத்து?

வசந்தமலர்: ரெண்டாந் தேய்ப்பில போயிட்டுது.

ஆனந்தராஜா: மலர், இஞ்ச வாரும். கையைத் தாரும்.

வசந்தமலர்: வெட்டப்போறியளோ?

ஆனந்தராஜா: கும்பிடப்போறன். நான் தப்பினன். மசாமுனேன்ர பேர்தான் இருந்தது, என்ர மனிசி விளக்கோட விளக்காத் தேய்ச்சுப்போட்டா எண்டு சொல்லுவன். சண்முகராசாவால என்ன செய்ய ஏலும்?

வசந்தமலர்: அப்ப... பொய்யோ?

ஆனந்தராஜா: மெதுவாக் கதையும். கப்டனும் இல்லை, கோபேயும் இல்லை. ஹரோவில கார் பூட் பழஞ்சாமான் சந்தையில, பழைய குடைகளோட ஒரு கிழவி வைச்சு வித்தவ. எட்டுப் பவுண். பேர் நான் வெள்ளைப் பெயின்ரால எழுதினது. ஜப்பான் சாப்பாட்டுக் கடை நோட்டீசைப் பார்த்து.

வசந்தமலர்: தெரியும். ‘வீட்டுக்குக் கொண்டுவந்து தருவம்’ எண்டு எழுதியிருக்காம்.

ஆனந்தராஜா: ஆர் சொன்னது?

வசந்தமலர்: மியூசியத்து மனிசி. பிறந்தநாள் முடிய மயூராவைக் கொண்டு படம் எடுத்து அனுப்பினது நான்தான். வாசிச்சுப்போட்டுச் சிரிச்சவ. அதுதான் இருந்து தேய்ச்சனான்.

ஆனந்தராஜா: ஆயுத பூசைக்கு எண்டீர்...

வசந்தமலர்: பூசை சாட்டு. நீங்கள் கதை சொல்லாமல் வீட்டுக்குள்ள இருந்தால் ஆர் தாங்கிறது?

ஆனந்தராஜா: ...பிறகேன் அவ வாறா?

வசந்தமலர்: தேய்ச்ச பிறகு ஒரு படம் அனுப்பினன். அதைப் பார்த்திட்டு ஃபோனில அழுதா. நானூறு வருசத் துருவில பாதியைப் புளி திண்டிட்டுதாம்.

ஆனந்தராஜா: நானூறோ?

வசந்தமலர்: உங்கட பெயின்ருக்குக் கீழ, துருவுக்கும் கீழ, உளியால வெட்டின பேர் ஒண்டு கிடந்தது. மசாமுனே இல்லை, ஆரோ ஒரு சின்ன ஊர்க் கொல்லன். ஆனால் வாள் மெய். கையில எடுத்துப் பார்க்கத்தான் ஓடி வாறா... பெல் அடிக்குது. இஞ்சாருங்கோ, கப்டன் கதையையே சொல்லுங்கோ. எட்டுப் பவுண் கதையை ஒருத்தரும் நம்பமாட்டினம்.