வடக்குப் பல்கனி

அந்த ஹோட்டலைப் பார்க்க விரும்பினால் வெயில் நாளாகப் பார்த்துப் போங்கள். மாடிப்படியின் வண்ணக் கண்ணாடிகள் வழியாக வெளிச்சம் இறங்கும்போது தரையில் புதுப்பாய் விரித்ததுபோல இருக்கும். மலைக்கு மேலே ரயில் பாதை போட்ட காலத்தில் கட்டியது. நெடுநாள் பாழடைந்து கிடந்ததைத் தொண்ணூற்றைந்தில் புதுப்பித்துத் திறந்தார்கள். அன்றிலிருந்து நான் அங்கே சமையலறையில் வேலை செய்கிறேன். கூர் நகரில் ரயில் ஏறினால் ஹோட்டல் வாசலிலேயே இறங்கலாம்.

டெஸ்மன்டை அங்கே கூப்பிட்டது நான்தான். அதை மறைக்கவில்லை.

அவனைக் கொழும்பில் ஒரு லொட்ஜில் வைத்துத் தெரியும். இரண்டு பேரும் வெளிநாடு போகக் காத்திருந்தோம். ஒரு மத்தியானம், முகாமில் தனக்கு நடந்ததைச் சொன்னான். அவனையும் தம்பியையும் ஒரே சங்கிலியில் பிணைத்து வைத்திருந்தார்களாம். தம்பி தண்ணீர் கேட்டுக் கேட்டே செத்துப்போனான். அதன் பிறகும் சங்கிலியைக் கழற்றவில்லை.

நான் முதலில் வந்து சேர்ந்தேன். இங்கே அகதி விசாரணையில், உனக்கு என்ன நடந்தது என்று கேட்டார்கள். எனக்கு ஒன்றும் நடந்திருக்கவில்லை. பயம் மட்டும் இருந்தது. பயத்தை மட்டும் சொன்னால் காணாது, ஏதாவது நடந்திருக்கவும் வேண்டும் என்று முன்னால் வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். ஆகவே டெஸ்மன்டுக்கு நடந்ததைச் சொன்னேன். சொல்லும்போது அழுதேன். அது நடிப்பில்லை. மொழிபெயர்த்தவரும் அழுதார்.

என் மனைவி பெர்னடெற் என்னைக் கட்டியதும் அதைக் கேட்டு மனமிளகித்தான். வருடா வருடம் என் தம்பிக்காகக் கோயிலில் பூசை ஒப்புக்கொடுக்கிறாள். எங்கள் மகனுக்கும் அவன் பெயரையே வைத்தாள். எனக்குத் தம்பி கிடையாது. நான் தாய் தகப்பன் இல்லாதவன் என்பதால் யாரும் தேடி விசாரிக்கவில்லை.

டெஸ்மன்ட் இங்கே லுசேர்ண் நகருக்கு வந்து சேரப் பல வருடங்கள் பிந்திவிட்டது. அவன் சொன்னதை அதிகாரிகள் நம்பவில்லை. இதே கதையை இன்னொருவர் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார் என்றார்களாம். ஆள் யாரென்று அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. எனக்குப் போன் எடுத்தான். குளிர்காலத்துக்காக ஹோட்டலைப் பூட்டுகிற நாளில் வரச் சொன்னேன். மற்ற வேலையாட்கள் மத்தியான ரயிலில் இறங்கிவிடுவார்கள். சாவியை முதலாளி என்னிடம் நம்பிக் கொடுத்திருந்தார்.

அவன் கோபத்தோடு வரவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. மெல்லிய ஜக்கெற் ஒன்று போட்டிருந்தான். எல்லா அறைகளையும் காட்டினேன். சோறும் கோழிக் குழம்பும் சூடாக்கிக் கொடுத்தேன்.

“கிறிஸ்ரி, நீ ஒருக்கா வந்து சொன்னாக் காணும். அது என்ர தம்பி எண்டு.”

“என்னைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்.”

“உனக்குப் பிள்ளை இருக்கு, அனுப்பமாட்டாங்கள். என்னை அடுத்த கிழமை பிளேனில ஏத்தப் போறாங்கள்.”

“பெர்னடெற்றுக்கு நான் என்ன சொல்லுறது?”

“அவவிட்ட நான் ஒண்டும் கதைக்கமாட்டன். சத்தியமா.” தட்டைத் தள்ளி வைத்தான். “நான் சொன்னதெல்லாம் நீயே வைச்சிரு. தம்பியை மட்டும் எனக்குத் தா.”

அவன் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. இத்தனை வருடமும் அந்தப் பிள்ளைக்காக அழுதது நான். மெழுகுதிரி கொளுத்தியது நான்.

“ஓம், சொல்லுறன்,” என்றேன். அவன் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். வடக்குப் பல்கனியிலிருந்து பார்த்தால் மலை முழுக்கத் தெரியும், வா என்று கூட்டிக்கொண்டு போனேன். அது மேல்மாடியில் இருக்கிறது. கீழே பாறை. இறங்க வழியில்லை. பனி கொட்டத் தொடங்கியிருந்தது. அவன் கம்பிப் பக்கம் போய்க் குனிந்து பார்த்தான். நான் உள்ளே வந்து கதவைப் பூட்டினேன்.

கதவில் கம்பி அடித்த ஒரு சின்னக் கண்ணாடி இருக்கிறது. அவன் முதலில் பகிடி என்று நினைத்து அதன் வழியாகச் சிரித்தான். பிறகு தட்டினான். நான் கீழே இறங்கிப் போய்த் தட்டுகளைக் கழுவி அடுக்கினேன். பைப்பைத் திறந்துவிட்டால் மேலே தட்டுகிற சத்தம் கேட்காது. பின்னேர ரயிலில் வீட்டுக்குப் போனேன். பெர்னடெற் புட்டு அவித்திருந்தாள்.

முதலாளி கூரை பார்க்க மேலே போனபோது அவன் உடலைக் கண்டிருக்கிறார். பொலிஸ்காரர் நீங்கள் சாவி யாரிடம் இருந்தது என்று மட்டும்தான் கேட்டீர்கள். மற்றதை நானாகவே சொல்கிறேன். கதவைப் பூட்டினேன், அவன் செத்துப்போவான் என்று தெரிந்துதான் பூட்டினேன்.

ஒரே ஒரு உதவி. பெர்னடெற்றுக்கு நீங்கள் சொல்ல வேண்டாம், நான் சொல்கிறேன். பனிக்குள் நின்று, விரல் விறைத்து, உள்ளே ஆள் இருப்பது தெரிந்தும் தட்டிக்கொண்டே இருப்பது எப்படியென்று எனக்குத்தானே தெரியும். நான் சொன்னால் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள்.