ஒரு புள்ளியின் அளவு

வாசலில் செருப்புகள் ஜோடி மாறிக் கிடந்தால் எனக்குச் சோறு இறங்காது. தொழிலும் அதற்கு ஏற்ற மாதிரியே அமைந்துவிட்டது. கணினிக்கு எழுத்துரு வரைகிறேன்.

நீங்கள் கேட்பது அந்தத் தடித்த எழுத்துருவைப் பற்றி. கொக்கி, வால் எதுவும் இல்லாத மொட்டை எழுத்துகள். ஒல்லி எழுத்துக்கும் குண்டு எழுத்துக்கும் ஒரே அகலத்தில் கட்டம். எண்களை மேலும் கீழும் அடுக்கினால் நூல் பிடித்த மாதிரி நிற்கும். மருந்து லேபிளுக்கென்று ஒரு மருத்துவமனை அதை வாங்கியது.

தசமப் புள்ளிதான் தொந்தரவு. அதற்கும் முழுக் கட்டம் தரவேண்டும். சுற்றிலும் காலி இடம் விழுந்து, பல் போன வாய் மாதிரி இருந்தது. அதனால் புள்ளியைச் சிறிதாக்கி, முன்னால் நிற்கும் எண்ணின் காலடியில் ஒட்டவைத்தேன்.

என் நாத்தனார் அங்கேதான் குழந்தைகள் வார்டில் நர்ஸ். முதல் வாரமே ஒரு லேபிளோடு வந்துவிட்டாள்.

"அண்ணி, இது ரெண்டரையா, இருபத்தஞ்சா? உங்க புள்ளிய கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுத் தேடணும் போல."

"உனக்குக் கண்ணாடி போடுற வயசாயிடுச்சுடி."

"சிரிக்காதீங்க. எங்க வார்டுல எல்லாம் வாண்டுங்க, கொஞ்சம் கூடினாலே தாங்காதுங்க. பெருசாக்கிடுங்க அண்ணி."

ஐந்து நிமிட வேலைதான். ஆனால் எழுத்துரு ஒரு போட்டியில் இறுதிச் சுற்றுக்குப் போயிருந்தது. நடுவர்கள் அந்தப் புள்ளியைத்தான் மெச்சியிருந்தார்கள். இரண்டு நாள் கழித்து, "மாத்தியாச்சா அண்ணி?" என்று ஃபோனில் நச்சரித்தாள். "ஆச்சுடி" என்றேன்.

அவள் நம்பினாள். அதற்குப் பிறகு புள்ளியைத் தேடவில்லை. கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் இல்லை என்றுதானே அர்த்தம்? அடுத்த வாரம் நான்கு வயதுப் பெண் குழந்தைக்கு இரண்டரை மில்லிக்குப் பதில் இருபத்தைந்து ஏற்றினாள். மாலைக்குள் குழந்தை இறந்துவிட்டது.

அன்றே புள்ளியை மிளகு அளவுக்குப் பெரிதாக்கினேன். கோப்பில் பழைய தேதி போட்டு, மருத்துவமனைக் கணினியில் ஏற்றினேன். குழந்தைக்கு ஏற்றிய பாட்டில் குப்பைக்குப் போயிருந்ததால், விசாரணையில் அதிலிருந்துதான் லேபிள் அச்சடித்துப் பார்த்தார்கள். புள்ளி பளிச்சென்று இருந்தது. புள்ளியைப் பெரிதாக்கச் சொல்லி அண்ணியிடம் கேட்டேன், மாற்றியாச்சு என்றார் என்று அவள் சொன்னாளாம். என்னைக் கேட்டார்கள். எனக்கு ஞாபகமில்லை என்றேன். அவளுக்கு ஏழு வருடம் கொடுத்தார்கள்.

அன்றைய லேபிளோடு இன்னொரு பாட்டில் கிடைத்துவிட்டது என்கிறீர்கள். சரி, மறைக்க இனி என்ன இருக்கிறது.

போன மாதம் சிறையில் அவளைப் பார்த்தேன். பாதியாக இளைத்திருந்தாள்.

"மாத்திட்டேன்னு நீங்க சொன்னீங்கல்ல அண்ணி? இல்ல, நானா நெனச்சுக்கிட்டேனா? மண்டையே வெடிச்சிடும் போல இருக்கு."

கம்பி வழியாக அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அப்படி எதுவும் நடக்கலடா கண்ணு. அசதியில நீதான் சரியா பாக்கல."

"அப்ப நான்தான்," என்றாள்.

மூன்றாம் நாள் அவள் தூக்கில் தொங்கிவிட்டதாகத் தகவல் வந்தது. குழப்பத்தோடு போகவில்லை, தெளிவாகத்தான் போனாள். அந்த மட்டுக்கும் அவளுக்கு நான் நல்லதுதான் செய்திருக்கிறேன்.